போல்ட் இறுகினால், கேஸ் அறுந்தால், குண்டு நகர்ந்தால்: .375 ரைஃபிளுக்குச் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு

என் பெட்டகத்தில் இருப்பது .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-இல் கொண்டுவந்த தோட்டா. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்குச் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச அளவே இதுதான். நான் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிரிஸ்லி கரடி வேட்டையை 2017 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் மூஸ், எல்க் என்ற பெரிய மான்கள், குலுக்கலில் பெயர் விழுந்தால் பைசன். மூஸுக்கும் எல்க்குக்கும் .30-06 என்ற சாதாரண வேட்டைத் தோட்டாவே தாராளம் என்று எனக்கும் தெரியும். ஆசைப்பட்டு வாங்கியாகிவிட்டது, வேறென்ன சொல்ல.

கடைத் தோட்டாவின் விலை கையைக் கடித்ததால் நானே நிரப்பப் பழகினேன். அப்புறம் ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் கேஸ்களை நீட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். சுற்றிச் சுற்றி அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான். அதனால் அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன்.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம். பித்தளைக் கூடு கேஸ். பறந்து போவது குண்டு. பவுடரை நம் ஊர்ப் பழக்கப்படி மருந்து என்றே சொல்கிறேன். ஊசி அடித்ததும் பொறி கொடுத்து மருந்தைப் பற்றவைக்கும், கேஸின் அடியில் உட்காரும் சின்ன மூடி ப்ரைமர். எல்லாம் சேர்ந்தது தோட்டா. கேஸ் குறுகத் தொடங்கும் சரிவு தோள், குண்டைப் பிடிக்கும் குறுகிய மேல்பகுதி கழுத்து. ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை சேம்பர், அதைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டுவது போல்ட். சுட்ட கேஸை மறுபடி பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு டை, அதற்காகக் கேஸில் தடவும் வழவழப்பு லூப். மருந்தின் எடை எண்களை இங்கே தேடாதீர்கள். அவை குண்டுக் கம்பெனியும் மருந்துக் கம்பெனியும் வெளியிடும் கையேட்டில் இருக்கின்றன. அங்கிருந்துதான் எடுக்க வேண்டும், என்னிடமிருந்தோ பக்கத்து மேசையிலிருந்தோ அல்ல.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு அங்கே இடமில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவும் உரிமம் வேண்டும். எனவே இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், செய்து பார்க்க வேண்டாம். கனடாவிலும் துப்பாக்கி உரிமம் கையில் இருக்க வேண்டும். நிரப்புவது சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்பதற்கு அல்ல.

எந்த அறிகுறி வந்தாலும் முதல் வேலை, குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்துக்கொண்டு சுடுவதை நிறுத்துவது. இரண்டாவது, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, கடைசியாக ஒழுங்காகச் சுட்ட தொகுதிக்கும் இதற்கும் நடுவே எது மாறியது என்று பார்ப்பது. ரைஃபிளில் கோளாறு என்று தூக்கி வருபவர்களில் பெரும்பாலோருடைய கோளாறு நிரப்பும் மேசையில்தான் இருந்திருக்கிறது. என்னுடையதும் அப்படித்தான்.

## சுட்ட பிறகு போல்ட்டைத் தூக்க முடியவில்லை

கைப்பிடி வழக்கம்போல் எழும்பாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளங்கையால் தட்டித் தூக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொகுதியில் மிச்சமிருக்கும் ஒரு தோட்டாவைக்கூட இனிச் சுடாதீர்கள். "இன்னும் ஒன்று பார்த்துவிடுவோமே" என்பது இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பச் செலவு பிடிக்கிற வாக்கியம்.

கேஸின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எழுத்துகளின் மேல் பளபளவென்று ஒரு சிறு வட்டமோ பிறையோ தெரிந்தால், காலிக் கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஓட்டைக்குள் பித்தளை பிதுங்கியிருக்கிறது என்று பொருள். மவுசர் 98 வகை போல்ட்டில் இந்த ஓட்டையே இல்லை, ஆகவே வட்டம் இல்லாததை நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ப்ரைமர் தட்டையாகியிருப்பதை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. மென்மையான ப்ரைமர்கள் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். ஆனால் பழைய ப்ரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது கட்டை விரலாலேயே உள்ளே போய்விடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அழுத்தம் எல்லை தாண்டியிருக்கிறது. அந்தக் கேஸ் குப்பைக்கு.

காரணங்கள், எளியதிலிருந்து:

சேம்பரில் எண்ணெய் அல்லது மழைநீர். கேஸில் தடவிய லூப் துடைக்கப்படாமல் இருந்தாலும் இதேதான். கேஸ் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கிப் பின்னால் வந்து போல்ட்டை நேராக இடிக்கும். சேம்பரைத் துணியால் துடையுங்கள். கேஸைக் கையில் உருட்டிப் பாருங்கள், வழவழப்பு இருக்கக் கூடாது.

கேஸ் நீளம். அதிகபட்சம் 72.39 மி.மீ. அதைத் தாண்டினால் கழுத்து நுனி குழலின் தொடக்கத்தில் சிக்கி, குண்டை விடாமல் இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் எகிறும். வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொன்றையும் அளந்து 72.14-க்கு வெட்டிவிடுங்கள். பத்தில் ஒன்றை மட்டும் அளப்பது அளப்பதே அல்ல.

வெயில். மார்ச் மாதக் குளிரில் சோதித்து உச்சவரம்புக்கு நிரப்பிய தோட்டா, ஜூலையில் வண்டியின் டேஷ்போர்டில் இரண்டு மணி நேரம் கிடந்தால் வேறு தோட்டா ஆகிவிடும். சில மருந்துகள் வெப்பத்துக்கு அதிகம் ஆடும், சில குறைவாக ஆடும், ஆடாதது எதுவும் இல்லை.

சாமான் மாற்றம். இதைத்தான் நோட்டில் தேடச் சொன்னேன். ஈயக் குண்டிலிருந்து முழுச் செம்புக் குண்டுக்கு மாறினீர்களா? எடை ஒரே 300 கிரெயின் என்றாலும் செம்பு எடை குறைந்த உலோகம், அதனால் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு கேஸுக்குள் அதிகம் இறங்கி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தந்தக் குண்டுக்கு அந்தந்தக் கையேட்டு எண்தான். வேறு கம்பெனி கேஸின் சுவர் தடிமனாக இருக்கலாம். ப்ரைமர் மாறியிருக்கலாம். மருந்து அதே பெயராக இருந்தாலும் புது டப்பாவாக இருக்கலாம். எது மாறினாலும் கையேட்டின் தொடக்க எடைக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

தராசும் புனலும். டிஜிட்டல் தராசு மேசை விசிறிக்கும் ட்யூப் லைட்டுக்கும்கூடக் கொஞ்சம் நகரும். எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: 4350, 4064 மாதிரி குச்சிக்குச்சியான மருந்து புனலின் கழுத்தில் குறுக்கே படுத்து அடைத்துக்கொள்ளும். ஒரு கேஸில் குறைவாக விழும், தட்டியதும் மிச்சம் அடுத்த கேஸில் சேர்ந்துவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு தோட்டா சோம்பலாகப் போய், அடுத்தது போல்ட்டைப் பூட்டிவிட்டது. அதிலிருந்து குண்டு வைக்கும் முன் எல்லாக் கேஸ்களையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து மருந்தின் மட்டம் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

மிச்சத் தோட்டாக்களைச் சுத்தியல் வடிவக் குண்டு இழுப்பானால் பிரித்து, மருந்தை ஒவ்வொன்றாக எடை போடுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்து, குழலைச் சுத்தம் செய்து, சேம்பரைத் துடைத்து, கடையில் வாங்கிய தோட்டாவைப் போட்டாலும் போல்ட் இறுகினால் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் போக வேண்டியதுதான். சேம்பர், குழலின் தொண்டை, போல்ட் பூட்டும் இடம் ஆகியவற்றை அவர் அளக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. போல்ட் இறுகுவது அந்த எல்லையில் அடிக்கும் மணி அல்ல. தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் பல ரைஃபிள்கள் வாயே திறக்கும். ஆகவே குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி ஒன்று வாங்குங்கள். 300 கிரெயின் குண்டு விநாடிக்கு சுமார் 2,530 அடி என்பது இதன் பழைய, நிலையான வேகம். உங்களுடையது 2,700 காட்டினால் யாரையும் கூப்பிட்டுப் பெருமைப்பட வேண்டாம், அந்த வேகத்தை ஏதோ ஒன்று விலை கொடுத்து வாங்கியிருக்கிறது.

## கேஸில் பளபளக்கும் வளையம், அல்லது அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது

இந்தத் தோட்டாவின் சொந்த வியாதி இது. நிதானமாகவே சொல்கிறேன்.

அடியில் தடித்த பட்டையாக இருக்கும் பெல்ட்டுக்கு மேல், ஒரு சென்டிமீட்டருக்குள், கேஸைச் சுற்றி மெல்லிய வெளிர்நிற வளையம் தெரிகிறதா? உள்ளே அந்த இடத்தில் பித்தளை இழுபட்டு மெலிந்துகொண்டிருக்கிறது. அடுத்த சுடலிலோ அதற்கடுத்ததிலோ அறுந்துவிடும்.

சோதனைக்கு ஒரு பேப்பர் கிளிப் போதும். நேராக்கி, நுனியை இரண்டு மி.மீ. வளைத்து, அரத்தில் தேய்த்துக் கூராக்குங்கள். காலிக் கேஸுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரோடு ஒட்டி மேலே இழுங்கள். பள்ளத்தில் நுனி தடுக்கினால் அந்தக் கேஸை நசுக்கிப் போடுங்கள், யாரும் எடுத்து நிரப்பிவிடாதபடி. வெளியே வளையம் தெரியாத கேஸிலும் உள்ளே பள்ளம் இருக்கும். எனவே நான் மூன்றாவது சுடலுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கிளிப் போடுகிறேன்.

பெரும்பாலும் காரணம் ஒன்றே, டையை அளவுக்கு மீறி இறக்கி வைத்திருப்பது. டையோடு வரும் தாளில், கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் தொடும்வரை இறக்கு, பிறகு இன்னும் கொஞ்சம் இறக்கு என்று இருக்கும். அப்படிச் செய்தால் கேஸின் தோள் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் பின்னால் தள்ளப்படுகிறது. பெல்ட் தாங்கிக்கொள்வதால் தோட்டா சேம்பரில் உட்காரும், சுடும், ஒரு குறையும் தெரியாது. தோள் மட்டும் முன்னால் பாய்ந்து சேம்பரை நிரப்பும், அதற்கான பித்தளை பெல்ட்டுக்கு மேலிருந்து இழுபடும். இரண்டு மூன்று முறையில் கதை முடிந்துவிடும்.

சரிசெய்யும் விதம்: டையை ஒரு முழுச் சுற்று மேலே ஏற்றுங்கள். உங்கள் ரைஃபிளில் சுட்ட, ப்ரைமர் எடுத்த காலிக் கேஸ் ஒன்றை லூப் தடவி அழுத்தித் துடைத்து, சேம்பரில் வைத்துப் போல்ட்டை மூடிப் பாருங்கள். இறுக்கமாக இருக்கும். டையை எட்டில் ஒரு பங்குச் சுற்று இறக்கி மறுபடியும். போல்ட் கடைசி இறக்கத்தில் லேசாக உரசி மூடும் இடம் வரும். அங்கிருந்து இம்மியளவு இறக்கிப் பூட்டிவிடுங்கள். அளவுகோல் இருந்தால், தோள் 0.05 மி.மீ. முதல் 0.08 மி.மீ. வரை பின்வாங்கினால் போதும். வேட்டைத் தோட்டாவுக்கு நான் அந்தப் பெரிய எண்ணின் பக்கமே நிற்பேன். பனியிலும் மண்ணிலும் போல்ட் சிரமமில்லாமல் மூட வேண்டுமே.

இரண்டு ரைஃபிளுக்கு ஒரே கேஸ்களை ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது. கேஸைப் பிரித்து வையுங்கள், கலக்காதீர்கள்.

டையைச் சரிசெய்த பிறகும், புதுக் கேஸில் முதல் சுடலிலேயே வளையம் வந்தால், ரைஃபிளின் ஹெட்ஸ்பேஸை, அதாவது பூட்டிய போல்ட்டுக்கு முன்னால் கேஸ் உட்காரும் இடத்தின் அளவை, கன்ஸ்மித் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். நீங்களே செய்யக் கூடிய வேலை அல்ல.

அறுந்த கேஸ் சேம்பருக்குள்ளேயே தங்கிவிட்டால், போல்ட்டை எடுத்துவிட்டு, உடைந்த கேஸ் எடுக்கும் சிறு கருவியால் இழுக்கலாம். அந்தக் கருவி வேட்டைப் பையில் இருக்க வேண்டும், வீட்டு டிராயரில் அல்ல. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். சேம்பரில் ஒரு கீறல் விழுந்தால் ஆயுசுக்கும் அது ஒவ்வொரு கேஸையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

## புதுத் தோட்டாவைப் போட்டால் போல்ட் மூடவில்லை

நிரப்பிய நிஜத் தோட்டாவை வீட்டில் போட்டு போல்ட்டை மூடிச் சோதிப்பதை இன்றோடு விடுங்கள். ப்ரைமரும் மருந்தும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு அடையாளமும் வையுங்கள்.

வெற்றுத் தோட்டாவின் மேல் மார்க்கர் பேனாவால் முழுக்கக் கறுப்புப் பூசி, சேம்பரில் தள்ளி எடுங்கள். கறுப்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது.

குண்டின் மேல் கோடுகோடாக அழிந்திருந்தால் குண்டு நீட்டிக்கொண்டு, குழலுக்குள் இருக்கும் சுழல் வரிகளான ரைஃபிளிங்கைத் தொடுகிறது. மொத்த நீளம் 91.44 மி.மீ. தாண்டக் கூடாது, மேகசினும் அதற்கு மேல் பெரும்பாலும் வாங்காது.

தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே அழிந்திருந்தால் கிரிம்ப் போடும்போது, அதாவது கேஸின் வாயைக் குண்டின் மேல் மடக்கி இறுக்கும்போது, கேஸ் பிதுங்கியிருக்கிறது. நீளம் ஒரே மாதிரி வெட்டாத கேஸ்களில் வரும் வினை. நீளமான கேஸுக்கு டை அளவுக்கு மீறி மடக்குகிறது, மடங்க இடமில்லாமல் தோள் உப்புகிறது. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, குண்டு இறக்குவதையும் கிரிம்ப் போடுவதையும் இரண்டு தனி வேலையாகச் செய்யுங்கள்.

பெல்ட்டுக்குச் சற்று மேலே அழிந்திருந்தால், பல முறை சுட்ட கேஸ் அங்கே வீங்கியிருக்கிறது. சாதாரண டை அந்த இடம்வரை எட்டாது. அதற்கென்றே தனி காலட் டை கிடைக்கிறது. வாங்குவதற்கு முன், அந்தக் கேஸ்கள் எத்தனையாவது சுடலில் இருக்கின்றன என்று நோட்டைப் பாருங்கள். ஆறு, ஏழு என்றால் டைக்குப் பதில் புதுக் கேஸ் வாங்குவதே மேல்.

## மேகசினில் இருக்கும் தோட்டாவின் குண்டு உள்ளே இறங்கியிருக்கிறது

.30-06 சுட்டுப் பழகியவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். .375-இன் உதை அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒவ்வொரு முறை சுடும்போதும் மேகசினில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் மூக்கு முன்சுவரில் இடிபடுகிறது. பிடிமானம் இல்லாத குண்டு கேஸுக்குள் இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கூடும் என்பதை மேலேயே பார்த்தோம்.

சோதனை: மூன்று தோட்டாக்களின் மொத்த நீளத்தை அளந்து எண் போட்டு மேகசினில் அடுக்குங்கள். மேலே ஒன்று ஒன்றாகச் சேர்த்து நான்கைந்து முறை சுட்டுவிட்டு, அடியில் இருப்பவற்றை எடுத்து மறுபடி அளங்கள். என் முதல் தொகுதியில் கடைசித் தோட்டாவின் குண்டு இரண்டு மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது. நான் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை.

கழுத்துக்குள் லூப் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துடைத்தாலே சிலருக்குச் சரியாகிவிடும். அடுத்தது டைக்குள் இருக்கும் விரிக்கும் உருண்டை. அதன் விட்டத்தை அளங்கள். குண்டு 9.525 மி.மீ. உருண்டை அதைவிட 0.05 முதல் 0.08 மி.மீ. வரை குறைவாக இருந்தால்தான் கழுத்து இறுக்கமாகப் பிடிக்கும். பெரிதாக இருந்தால் டிரில் மெஷினில் மாட்டி உப்புத்தாளால் தேய்த்துக் குறைக்கலாம், அல்லது டைக் கம்பெனியிடம் சின்னதாகக் கேட்கலாம். மூன்றாவது, குண்டில் இருக்கும் வரிப்பள்ளத்துக்குள் கிரிம்ப் விழுகிறதா என்று பார்ப்பது. பள்ளம் இல்லாத குண்டில் வலிந்து கிரிம்ப் போட்டால் குண்டு நசுங்கி, கழுத்து தளர்ந்து, இருந்த பிடியும் போய்விடும். கிரிம்ப் கழுத்துப் பிடிக்கு மாற்று அல்ல, துணை.

## 'க்ளிக்' என்றது, வெடிக்கவில்லை

குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு போல்ட்டைத் திறந்து எடுங்கள்.

ப்ரைமரில் ஊசி பதிந்த தடம் ஆழமாக இருந்தால் குற்றம் தோட்டாவுடையது. லூப் அல்லது கைவிரல் எண்ணெய் ப்ரைமருக்குள் போயிருக்கலாம். அல்லது ப்ரைமர் முழுக்க உட்காராமல் இருந்து, ஊசி அடித்த அடி அதை உட்கார வைப்பதிலேயே செலவாகியிருக்கலாம். ப்ரைமர் கேஸின் அடிமட்டத்துக்குச் சமமாக அல்லது இம்மியளவு உள்ளே இருக்க வேண்டும், விரலால் தடவினாலே தெரியும். இவ்வளவு மருந்தைப் பற்றவைக்க மேக்னம் வகை லார்ஜ் ரைஃபிள் ப்ரைமர்தான் வழக்கம். கையேடு எதைச் சொல்கிறதோ அதையே போடுங்கள்.

தடம் மேலோட்டமாக இருந்தால் ரைஃபிளைப் பாருங்கள். நவம்பரில் மைனஸ் இருபதில் மூஸ் தேடிப் போகிற இடத்தில், போல்ட்டுக்குள் இருக்கும் கிரீஸ் மெழுகாகிவிடும், ஊசி தூங்கிக்கொண்டே போய் இடிக்கும். போல்ட்டைப் பிரித்து, கிரீஸைக் கழுவி, கிட்டத்தட்ட வறண்ட நிலையில் பூட்டுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். விலை குறைவுதான், ஆனால் பிரித்துப் பழக்கம் இல்லாதவர்கள் கன்ஸ்மித்திடம் கொடுப்பது நல்லது.

## சத்தம் சின்னதாக வந்தது

'புஸ்' என்று ஒரு சத்தம், உதையே இல்லை. போல்ட்டைத் தள்ளி அடுத்ததைப் போட்டுவிடாதீர்கள். குண்டு குழலின் நடுவில் நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் கிழியும், முகமும் கையும் அதன் பக்கத்தில்தான் இருக்கும்.

போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்து குழல் வழியாக வெளிச்சம் பாருங்கள். தெரியவில்லை என்றால் அன்றைய சுடல் முடிந்தது. மருந்து போடாமல் விட்ட கேஸில் ப்ரைமர் தனியாகவே குண்டை ரைஃபிளிங்குக்குள் தள்ளிவிடும். இந்தத் தோட்டாவில் சாதாரணமாக மருந்தை இரண்டு தடவை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும், ஒரு தடவையும் கொட்டாமல் விட்டால் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. டார்ச் இங்கேயும்தான். நின்ற குண்டைக் கன்ஸ்மித்தே எடுக்கட்டும். இரும்புக் கம்பியால் நீங்கள் அடித்தால் குழலும் சேர்ந்து போகும்.

உதையைக் குறைக்கலாம் என்று மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் தொடக்க எடைக்கும் கீழே குறைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பெரிய கேஸில் கொஞ்சம் மெதுமருந்து ஒழுங்கில்லாமல் பற்றிக்கொண்டு, குறைவதற்குப் பதில் அழுத்தம் தாறுமாறாக ஏறலாம். மென்மையான தோட்டா வேண்டுமானால் அதற்கென்று கம்பெனியே எண் வெளியிட்டிருக்கும் மருந்தை எடுங்கள்.

## இரண்டாவது தோட்டா மேகசினிலிருந்து ஏறவில்லை

போல்ட் வெறும் சேம்பரை மூடிவிட்டது, தோட்டா கீழேயே கிடக்கிறது. மேகசின் ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். ஒன்பது சென்டிமீட்டர் நீளத் தோட்டா இது. குட்டைத் தோட்டா ரைஃபிளில் பழகிய கை போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுக்காமல் நடுவழியிலேயே திரும்பிவிடும். வெற்றுத் தோட்டா போட்டு, தோளிலிருந்து எடுக்காமல், போல்ட் பின்னால் 'டக்' என்று முட்டும்வரை இழுத்து ஐம்பது முறை பழகுங்கள்.

மவுசர் வகையிலும் 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 வகையிலும் இன்னொன்று உண்டு. தோட்டாவை நேராகச் சேம்பரில் போட்டுப் போல்ட்டை மூடினால் கேஸைப் பிடித்து இழுக்கும் அந்த நீள எக்ஸ்ட்ராக்டர் கேஸ் விளிம்பின் மேல் ஏறப் போராடும், உடையவும் கூடும். தோட்டா எப்போதும் மேகசின் வழியாகத்தான் போக வேண்டும். உடைந்தால் கன்ஸ்மித்.

## கேஸ் டைக்குள் மாட்டிக்கொண்டது

லூப் போதவில்லை. பிரஸ் கைப்பிடியில் தொங்காதீர்கள், விளிம்பு பிய்ந்து வந்துவிடும். டையைக் கழற்றி, நடுத் தண்டை முடிந்தவரை மேலே திருகி, கேஸின் அடியில் ஓட்டை போட்டு மரை வெட்டி, போல்ட் ஒன்றை முறுக்கி இழுக்க வேண்டும். இதற்கான சிறு செட் கடையில் கிடைக்கும். அடுத்த முறை லூப்பை அளவாகத் தடவுங்கள். அதிகமானால் தோளில் குழி விழும். குழி சின்னது என்றால் கவலை இல்லை, சுட்டதும் நிமிர்ந்துவிடும்.

## நேற்றுவரை ஒன்றாக விழுந்த குறி இன்று சிதறுகிறது

மருந்தைக் குறை சொல்லி மறுபடி முதலிலிருந்து சோதனை தொடங்குவதற்கு முன், ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஸ்கோப் மவுண்டு, ரிங், ஸ்டாக் எனும் மரக்கட்டையின் அடி ஸ்க்ரூ இரண்டு. இந்த உதையில் எதுவும் தளரும். எண்ணெய் பிசுக்கைத் துடைத்து, டார்க் டிரைவரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். கோடு முறிந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது, வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ஸ்கோப் ரிங்குக்குள் வழுக்கியிருக்கிறதா என்பதற்கும் அதே நெயில் பாலிஷ்.

அடுத்தது குழல். செம்புக் குண்டுகள் குழலில் செம்பைப் பூசிக்கொண்டே போகும். முனையில் வெளிச்சம் அடித்தால் செம்மஞ்சள் கோடுகள் தெரியும். செம்பு கரைக்கும் திரவம் விட்டு, துணியில் நீலம் வருவது நிற்கும்வரை துடையுங்கள்.

பிறகு ஸ்டாக். ரைஃபிளைப் பிரித்து, மேகசினுக்கும் ட்ரிகருக்கும் நடுவே உள்ள மரத்திலும் ரைஃபிளின் இரும்பு வாலான டாங்குக்குப் பின்னாலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுடக் கூடாது. பெடிங் செய்து, அதாவது இரும்பு மரத்தில் இடைவெளியின்றி உட்காரும்படி செய்து, குறுக்கு போல்ட் போடக் கன்ஸ்மித்திடம் கொடுங்கள். ஈயப் பை அடுக்கிய ஸ்லெட் என்ற தாங்கியில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இந்த விரிசல் சீக்கிரம் வரும். பின்னால் போக வழியில்லாத ரைஃபிளின் உதை முழுவதும் மரத்தில்தான் இறங்குகிறது. ஸ்லெட் எனக்குப் பிடிப்பதில்லை. நின்றுகொண்டு, உயரமான தாங்கியில் வைத்துச் சுட்டால் உடம்பு பின்னால் போய் உதையை வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் சரி என்றால் மிச்சம் இருப்பது சுடுகிறவர். ஒருவரிடம் ரைஃபிளைக் கொடுத்து, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் சில முறை தோட்டாவும் சில முறை வெற்றுத் தோட்டாவும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தோட்டாவில் குழல் முனை குதித்தால் காரணம் தெரிந்துவிட்டது. நான் ஒரு கோடை முழுக்க மருந்து மாற்றி, குண்டு மாற்றி, ஸ்கோப்பும் மாற்றிய பிறகு பக்கத்து மேசைக்காரர் எனக்கு இந்தச் சோதனை வைத்தார். மூன்றாவது 'க்ளிக்'கில் குழல் ஒரு சாண் கீழே போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் .22-ஐ எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.